இயற்கைக் காட்சிப் படமும் குறை கேட்டலும்

 

மெட்ரிக்குலேஷன் வரை பயின்று, ரயில்வே அலுவலகத்தில் பதிவேடு எழுதும் எமக்கு நிழற்படக் கலையைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று தாங்கள் வினவலாம். வினா முறையானதே. ஆயினும், கோபர்கைரனேயில் குடியிருப்போர்க்கு மேற்கே தாணேக் கழியும் கிழக்கே பார்சிக் குன்றும் நாள்தோறும் காட்சி தருகின்றன. கைப்பேசி இல்லாத வீடும் இல்லை. எனவே படம் எடுப்போர் பலர். எடுத்த படத்திற்குக் குறை கேட்போர் மிகச் சிலர்.

1855-இல் சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, ஹளேபீடு, பேலூர்க் கோயில்களின் படங்களை வைத்தார். நடுவர்கள் பாராட்டினர். பின்னர் அவர் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராகி, 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். அக்காலக் காகித நெகட்டிவில் நீலவானம் வெறும் வெள்ளையாகவே விழும். பாராட்டுப் பெற்ற அவரோ அதனோடு அமையாமல், நெகட்டிவின்மேல் முகில்களைத் தீட்டிச் சேர்த்தார். தம் படத்தை அயலார் கண்கொண்டு பார்க்க அவர் அறிந்திருந்தார். தீட்டிய முகில் மெய்யாகுமா என்பது வேறு வழக்கு. அதில் எமக்கும் ஐயம் உண்டு.

நம் காலனி மாணவி ஒருவர் சென்ற குளிர்காலத்தில் கழியில் பூநாரைகளைப் படமெடுத்தார். 2015-இல் சரணாலயமாக அறிவிக்கப்பெற்று, 2022-இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்ற கழி அது. இங்கே அனைவரும் ‘அருமை’ என்றனர். படம் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் உள்ள அவருடைய ஆச்சிக்குச் சென்றது. முழங்கால் வலியால் ஆச்சி இனி பம்பாய்க்கு வர இயலாது. பேத்தி வாழும் ஊரை அவர் காண்பது படத்தில்தான். ஆச்சி கேட்டார்: “ஏட்டி, இது கொக்கா? எவ்வளவு உசரம் இருக்கும்? சேத்துல ஏன் நிக்கி?”

பேத்திக்குக் கண் கலங்கிவிட்டது. இனிப் படமே எடுப்பதில்லை என்றார். பின்னர், கேள்வியில் குற்றமில்லை என்று அவரே உணர்ந்தார். சேறும் பறவையுமன்றிப் படத்தில் வேறொன்றும் இல்லை. அளவு எப்படித் தெரியும்? மாலையில் எடுத்ததால் ஞாயிறு எதிரே நின்று, பறவைகள் கரிய கோடுகளாயின. மறுவாரம் காலையில் சென்றார். வெயில் குன்றின் மேலிருந்து முதுகுப்புறமாக விழுந்தது. இறகின் இளஞ்சிவப்பு துலங்கியது. நீர் வற்றும் வேளை பார்த்து, மீன்பிடிப் படகொன்று பறவைகளினிடையே வரும்வரை காத்திருந்தார். சேற்றுநீரில் உள்ள நுண்பாசியே அவற்றின் உணவு என்பதையும் கேட்டறிந்து எழுதி அனுப்பினார். “படகுக்காரன் இடுப்புக்கு வருதே!” என்றாராம் ஆச்சி.

இடத்தை நேரில் கண்டவர் படத்தில் இல்லாததையும் தம் நினைவால் நிரப்பிக்கொள்வார். காணாதவரிடம் காட்டுவதன் பயன் இதுவே. ‘நன்றாயில்லை’ என்று சொல்லிச் செல்வோரால் பயனில்லை. எது தெரியவில்லை என்று சொல்வோரே வேண்டும்.

மண்டபத்தின் வாயிலில் இளைஞர்களின் படங்கள் மாட்டப்பட்டுள்ளன. அருகே ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் உள்ளன. உணவிற்குச் செல்லுமுன் ஒவ்வொரு படத்திற்கும் ஒரு கேள்வியேனும் எழுதிச் செல்லுமாறு தாய்மார்களை முதற்கண் வேண்டுகின்றோம்.