திரைக்கு முன்னால் அமர்ந்திருப்பவர் யார்?

(மக்கள் நல்வாழ்வு குறித்த அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



தொலைமருத்துவம் குறித்து இடதுசாரி அணிகளுக்குள் இருவிதமான பேச்சு நிலவுகிறது. மருத்துவர்களை நியமிக்க மனமில்லாத அரசு கைப்பேசியைக் காட்டி மக்களை ஏமாற்றுகிறது என்கின்றனர் சிலர். மலைக்கிராமத்துக்கும் சிறப்பு மருத்துவர் வந்துவிட்டார், இனி என்ன குறை என்கின்றனர் வேறு சிலர். இரு தரப்பும் திரையைத்தான் பார்க்கின்றன. நோயாளியின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஊழியர் எவர் கண்ணிலும் படுவதில்லை.

இந்த ஏற்பாடு கொரோனாவோடு பிறந்ததல்ல. 2000 மார்ச்சில் ஆந்திரத்தின் அரகொண்டா கிராமத்தில் அப்போலோ குழுமம் அமைத்த தொலைமருத்துவ மையத்தை அன்றைய அமெரிக்க ஜனாதிபதி பில் கிளிண்டன் தொடங்கிவைத்தார். செயற்கைக்கோள் இணைப்பு இஸ்ரோவினுடையது. பொதுத்துறையின் அறிவியல் முதுகிலேறித் தனியார் பெயர் வாங்கியது என்பதையும் போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம். பின்னர் 2019 நவம்பரில் இ-சஞ்சீவனி வந்தது. அதையும் அரசு நிறுவனமான சி-டாக்கின் மொகாலி மையமே உருவாக்கியது. தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று, நாடு ஊரடங்கில் விழித்த அதே நாளில் வெளியாயின. 2023 பிப்ரவரியில் இ-சஞ்சீவனி வழியான ஆலோசனைகள் 10 கோடியைக் கடந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. பயனடைந்தோரில் 57 சதவீதம் பேர் பெண்கள் என்றும் சொன்னது.

இந்த 57 சதவீதத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), கிராமப்புறப் பெண்களில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் நான்கில் ஒருவர்தான். சொந்தப் பயன்பாட்டுக்குக் கைப்பேசி வைத்திருப்போர் பாதிக்கும் குறைவு. அப்படியிருக்கப் பெண்களே பெரும்பான்மையாக வந்தது எப்படி? ஆலோசனைகளில் பெரும்பகுதி வீட்டிலிருந்து நடந்தவை அல்ல. துணை சுகாதார நிலையத்துக்கு நடந்து வந்த பெண்ணுக்காக, அங்கிருந்த சமுதாய சுகாதார அலுவலர் மருத்துவரை அழைத்தார். இரத்த அழுத்தத்தை அளந்தவர் அவர். விரல்நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தவர் அவர். மருத்துவர் சொன்ன மாத்திரையை எடுத்துக் கொடுத்தவரும் அவரே.

நீரிழிவு நோயுள்ள விவசாயத் தொழிலாளியான ஒரு பெண்ணுக்கு இதன் மதிப்பு என்னவென்று எண்ணிப் பாருங்கள். மாவட்ட மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போகும், பேருந்துக் கட்டணம் போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். அதனாலேயே அவர் போகாமல் இருந்துவிடுகிறார். புண்ணாகிப்போன கால்தான் கடைசியில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கிறது. மாதந்தோறும் மருந்தளவைச் சரிபார்க்கும் வேலையைத் திரை வழியாகவே செய்துவிடலாம். இதை ஏமாற்று என்று ஒதுக்குவது அந்தப் பெண்ணுக்கு இழைக்கும் அநீதி.

ஆனால் குடல்வால் அழற்சியென்று சந்தேகித்தால் வயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்தாக வேண்டும். காசநோய்க்குச் சளி பரிசோதிக்கப்பட வேண்டும். பிரசவத்துக்குப் பின் குருதிப்போக்கு நிற்காத தாய்க்கு வேண்டியது இரத்தம், ஊர்தி, அறுவை அரங்கு. 2021-22ஆம் ஆண்டுக்கான ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரப்படி, கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களில் சிறப்பு மருத்துவர் பற்றாக்குறை 80 சதவீதத்தை ஒட்டி இருந்தது. திரையில் தோன்றும் மருத்துவர் வானத்திலிருந்து வந்தவரல்லர். அவர் எதிரே ஏற்கெனவே புறநோயாளிகளின் நீண்ட வரிசை நிற்கிறது. ஒரே மருத்துவரை இரண்டு இடங்களில் காட்டிவிட்டு, மருத்துவர் எண்ணிக்கை கூடியதாகக் கணக்கு எழுத முடியாது. 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தைப் பொதுச் சுகாதாரத்துக்குச் செலவிடுவதாக 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. அந்த வாக்கு நிறைவேறவில்லை.

இனி, அந்த ஊழியரின் நிலை. சமுதாய சுகாதார அலுவலர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். அவர்களது வருமானத்தில் ஒரு பகுதி செயல்திறன் ஊக்கத்தொகையாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆலோசனை எண்ணிக்கை இலக்காகத் திணிக்கப்படும்போது, எண்ணிக்கை மட்டும் ஆரோக்கியமாக வளரும். நோயாளியின் நிலை பதிவேட்டில் வராது. நோயாளியை நிலையத்துக்கு அழைத்துவரும் ஆஷா ஊழியருக்கோ இன்றளவும் ‘தன்னார்வலர்’ என்ற பட்டம்தான். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டுமென 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013இலேயே பரிந்துரைத்தது. தொலைமருத்துவத்தின் வெற்றியைக் கொண்டாடும் ஆட்சியாளர்கள் அந்தப் பரிந்துரையைத் தொடவே இல்லை.

தனியார் செயலிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நேரடியாக நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து எழுதவோ கூடாது என்று 2020ஆம் ஆண்டு நெறிமுறைகள் தெளிவாகத் தடுக்கின்றன. மருத்துவரின் ஊதியத்தை மிச்சப்படுத்த விரும்பும் மூலதனத்துக்கு இந்தத் தடை இடையூறுதான். இதைத் தளர்த்தும் முயற்சி எந்த உருவில் வந்தாலும் மருத்துவர் சங்கங்களோடும் ஊழியர் சங்கங்களோடும் சேர்ந்து எதிர்க்க வேண்டியிருக்கும்.

கட்சிக் கிளைகள் இம்மாதம் செய்யக்கூடிய வேலை எளியது. தத்தம் பகுதித் துணை சுகாதார நிலையத்துக்குச் சென்று பார்க்க வேண்டும். ஊழியர் இடம் நிரப்பப்பட்டுள்ளதா, இரத்த அழுத்தக் கருவி வேலை செய்கிறதா, இணைப்பு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது, திரையில் எழுதப்பட்ட மாத்திரை அலமாரியில் இருக்கிறதா, மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர் உண்மையில் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊழியரையே முதலில் கேளுங்கள். அதிகாரி அருகில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவது நல்லது.