ஒரு பட்டாணிக்கு நான்கு எல்லை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் அண்ணன் என்னிடம், "காங்கிரீட்டைப் பத்தி வேண்டாம்பா, போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் அதான் ஓடிச்சு. வேற ஏதாவது பேசு" என்றார். அதனால் பிட்யூட்டரி சுரப்பியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிவில் படித்தவனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்கிறீர்கள். சம்பந்தம் இருக்கிறது. இந்தச் சுரப்பியை மனை வாங்குகிறவன் பார்ப்பது போலத்தான் பார்க்க வேண்டும். பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவோமே, இதற்கு வடக்கு, அதற்குத் தெற்கு, நடுவில் உள்ள மனை என்று, அந்த மாதிரி. இங்கே மனையைவிட அக்கம்பக்கம்தான் முக்கியம்.

முதலில் மனை. பட்டாணி அளவு, எடை அரை கிராமுக்குச் சற்று மேலே. இரண்டு மூக்குத் துவாரத்தின் வழியாக நேராகப் பின்னால் போனால், கபாலத்தின் அடித்தளத்தில் ஸ்பீனாய்டு என்ற எலும்பு வரும். அதன் மேல்புறத்தில் குதிரைச் சேணம் போல ஒரு குழி. துருக்கிச் சேணம் என்றே அதற்குப் பெயர். அந்தக் குழியில் உட்கார்ந்திருக்கிறது நம்ம ஆள். மேலே மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியிலிருந்து ஒரு காம்பில் தொங்குகிறது.

உள்ளே இரண்டு போர்ஷன். இரண்டும் வேறு வேறு குடும்பம். முன்பகுதி, கருவில் வாயின் கூரையிலிருந்து மேலே ஏறி வந்தது. பின்பகுதி மூளையிலிருந்து கீழே இறங்கி வந்தது. வளர்ச்சி, தைராய்டு, அட்ரீனல், மாதவிலக்கு, தாய்ப்பால் என்று எல்லாவற்றுக்கும் ஆர்டர் போடுவது முன்பகுதி. பின்பகுதி எதையும் தயாரிப்பதில்லை. மேலே தயாரான இரண்டு ஹார்மோன்களை வாங்கி வைத்திருந்து வேண்டும்போது கொடுக்கும் குடோன் அது. அந்த இரண்டில் ஒன்று, சிறுநீரில் தண்ணீர் வீணாகாமல் பிடித்து வைப்பது.

பழங்காலத்தில் இதை வேறு மாதிரி நினைத்திருந்தார்கள். மூளையின் கழிவு இதன் வழியாக வடிந்து மூக்குச் சளியாக வருகிறது என்று. பிட்யூட்டரி என்ற பெயரே சளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். சளி மூக்கின் உள்சவ்விலேயே உண்டாகிறது என்று பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஷ்னைடர் காட்டினார். கருத்து போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. நம்ம ஊர்களில் ஏரி போன பிறகும் ஏரிக்கரைத் தெரு இருக்கிற மாதிரி.

இனி எல்லைகள். கீழே, எலும்புக்குள் ஒரு காற்றறை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எலும்புத் தளம் சில இடங்களில் மிக மெல்லியது. இருபக்கமும் கேவர்னஸ் சைனஸ் என்ற சிரை அறைகள். அந்த அறைக்குள்ளேயே மூளைக்குப் போகும் பெரிய தமனி வளைந்து போகிறது. தண்ணீர்த் தொட்டிக்குள் பிரஷர் லைன் ஓடுவது போல. சுரப்பியிலிருந்து அந்தத் தமனி சில மில்லிமீட்டர்தான் தள்ளி. கண்ணை அசைக்கும் மூன்று நரம்புகளும், முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் இரண்டு கிளைகளும் அதே பாதைதான். எங்கள் முதலாளி இந்த மனையைப் பார்த்திருந்தால் டெண்டரே போட்டிருக்க மாட்டார்.

மேல் எல்லையைத்தான் நான் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டி வந்தது, என் தாய்மாமாவால்.

மாமா நன்றாக வண்டி ஓட்டுகிறவர். ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று ஸ்கூட்டர் இரண்டு பக்கமும் உரச ஆரம்பித்தது. ஒரு நாள் இடது பக்கம் நின்ற சைக்கிள், இன்னொரு நாள் வலது பக்கம் கேட் தூண். வீட்டில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். அத்தை, "நினைப்பு எங்கேயோ இருக்கு இவருக்கு" என்பார்கள். இரண்டு தடவை கண்ணாடி மாற்றினார்கள். எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். பார்வை சரி என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை வருஷம் இப்படியே போயிற்று. கடைசியில் ஒரு கண் டாக்டர் அம்மா, ஒரு கண்ணை மூடச் சொல்லி, வெளிப்பக்கத்திலிருந்து விரலைக் கொண்டு வந்தார்கள். விரல் மூக்குக்கு நேரே வரும் வரை மாமாவுக்குத் தெரியவில்லை. மற்ற கண்ணிலும் அதே கதை. அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எழுதினார்கள். பட்டாணி இருக்க வேண்டிய இடத்தில் எலுமிச்சங்காய் போல ஒன்று.

காரணம் இதுதான். சுரப்பிக்குச் சற்று மேலே இரண்டு கண் நரம்புகளும் சந்திக்கின்றன. ஒவ்வொரு கண்ணிலும் மூக்குப் பக்கத்து இழைகள் அந்தச் சந்திப்பில் எதிர்ப்பக்கம் கடந்து போகும். மூக்குப் பக்கத்து இழை பார்ப்பது வெளிப்பக்கத்தை, ஏனென்றால் கண்ணுக்குள் பிம்பம் தலைகீழ். கீழிருந்து கட்டி ஏறி அந்தச் சந்திப்பின் நடுவில் அழுத்தினால் கடந்து போகிற இழைகள்தான் முதலில் அடிவாங்கும். இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் போய்விடும், அதிலும் முதலில் மேல்பாதி. நடுப் பார்வை அப்படியே இருப்பதால் எழுத்து அட்டையில் பாஸ்! குதிரைக்குக் கண்பட்டை கட்டின மாதிரிதான் மாமா ஒன்றரை வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறார்.

இந்தக் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. இருக்கிற இடம்தான் வம்பு. ஆப்பரேஷனுக்கு முன் ரத்தத்தில் புரோலாக்டின் பார்த்தார்கள். அது மிக அதிகமாக இருந்தால் மாத்திரையிலேயே கட்டி சுருங்க வாய்ப்புண்டு, கத்தி வேண்டியதில்லை. மாமாவுக்கு அப்படி இல்லை. மூக்கு வழியாகப் போகிறோம் என்றார்கள். அத்தை அழுதுவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. மூன்று பக்கமும் அசைக்க முடியாத பார்ட்டிகள், கீழே மட்டும் காலியறை. எந்த சைட் என்ஜினீயரும் கீழிருந்துதான் போவான்.

அந்த வழிக்கு ஒரு குரு பரம்பரையே உண்டு. 1907-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் ஷ்லோஃபர் முதலில் மூக்கைத் திறந்து போனார். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் அதைத் திருத்தி நூற்றுக்கணக்கில் செய்தார், பிறகு அவரே விட்டுவிட்டு மண்டையோட்டைத் திறக்கும் வழிக்குப் போனார். பெரும்பாலானோர் பின்னாலேயே போனார்கள். ஆனால் குஷிங்கிடம் பயின்ற எடின்பரோ டாட் பழைய வழியை விடவில்லை. அவரிடமிருந்து பாரிஸ் கியோ, அவரிடமிருந்து மான்ட்ரியால் ஹார்டி. 1960-களில் ஹார்டி மைக்ராஸ்கோப்பைக் கொண்டு வந்ததும் உலகமே கீழ்வழிக்குத் திரும்பியது. நடுவில் ஒருத்தர் விட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்குமோ. இப்போது எண்டோஸ்கோப்.

மாமாவுக்குத் தளத்தை அடைக்கத் தொடையிலிருந்து கொஞ்சம் கொழுப்பு எடுத்து வைத்தார்கள், மூளை நீர் கசியாமலிருக்க. நம் வாட்டர்ப்ரூஃபிங்தான்! மறுநாளிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கேட்டார், அதே அளவு சிறுநீர். சர்க்கரையோ என்று பயந்தோம். பின்பகுதிக் குடோன் கொஞ்சம் கலங்கியிருந்தது, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் சரியாயிற்று. பார்வை, வலது கண்ணில் முழுக்கத் திரும்பியது. இடது கண்ணில் மேல் ஓரம் திரும்பவில்லை. நரம்பு ரொம்ப நாள் நசுங்கி இருந்துவிட்டது. மாமா இப்போது வண்டி ஓட்டுவதில்லை, பஸ்ஸில் ஜன்னல் சீட் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது என்று சீட்டு வந்திருக்கிறது. அதை இப்படிச் செலவழிப்போம். பக்கத்தில் இருப்பவரை நோக்கி, மூன்றடி இடைவெளியில் முகத்துக்கு முகம் திரும்பி உட்காருங்கள். நீங்கள் இடது கண்ணை மூடுங்கள், எதிரில் இருப்பவர் வலது கண்ணை மூடட்டும். ஒருவர் திறந்த கண்ணை ஒருவர் பாருங்கள், பார்வையை நகர்த்தக் கூடாது. இப்போது விரலை இருவருக்கும் நடுவில் வைத்து வெளிப்பக்கத்திலிருந்து ஆட்டிக்கொண்டே உள்ளே கொண்டு வாருங்கள், மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். பிறகு கண்ணை மாற்றுங்கள். ஒருவருக்கு ரொம்பத் தாமதமாகத் தெரிந்தால், கண் மருத்துவரிடம் போய்க் கண்ணாடி கேட்காதீர்கள், ஃபீல்டு டெஸ்ட் என்று கேளுங்கள். ஊருக்குப் போனதும் அம்மா அப்பாவுக்கும் செய்து பாருங்கள்.

பேராசிரியர்கள் வரிசையில் ஆரம்பித்துவிட்டார்கள், பின்வரிசை இன்னும் சிரித்துக்கொண்டே இருக்கிறது. ஆரம்பிங்கப்பா.