பையில் இருக்கும் பாட்டிலும் ஆறு வயதுப் பல்லும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அறிவியல் பாடத்துக்கான துணைக்கருவிகள் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் கொண்டு வந்திருப்பவை நான்கு டம்ளர்களும் கொஞ்சம் முட்டை ஓடும்தான். அவற்றைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி. நன்றாகப் படிப்பவள். சில வாரங்களாகக் கன்னத்தில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். கவனம் இல்லை என்று இரண்டு முறை கண்டித்தேன். பிறகு தொடர்ந்து நான்கு நாள் வரவில்லை. வீட்டுக்குப் பேசினால், "பல்லு வலி டீச்சர், ராத்திரியெல்லாம் தூங்கலை. பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும்னு விட்டுட்டோம்" என்றார் அவள் அம்மா. அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டியபோதுதான் தெரிந்தது, அது பால் பல் இல்லை. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல். சொத்தை வேர்வரை போய்விட்டது, பிடுங்கத்தான் வேண்டும் என்றார் மருத்துவர். 12 வயதில் நிரந்தரப் பல் ஒன்று போயிற்று.

இதில் என் பங்கு இரண்டு உண்டு. முந்தைய ஆண்டு அந்த அம்மா, "பல்லுல கறுப்பா இருக்கு டீச்சர், பாருங்களேன்" என்று கேட்டார். நம் தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பல்லில் கறை என்றால் உடனே தண்ணீர்தான் நினைவுக்கு வரும். "நம்ம ஊர்த் தண்ணிக் கறைதாம்மா" என்று வாயைத் திறந்து பார்க்காமலேயே சொல்லிவிட்டேன். இரண்டாவது, வினாடி வினாவில் வென்ற அணிக்கு நான் கொடுத்த பரிசு ஆளுக்கொரு குளிர்பான பாட்டில். அந்த அணியில் அவளும் இருந்தாள். ஒரு பாட்டிலில் பல் சொத்தையாகிவிடாது என்பது தெரியும். ஆனாலும் டீச்சர் கையால் கொடுத்தால் அது நல்ல பொருள் என்றுதானே பிள்ளைகள் நினைப்பார்கள்?

கறைக்கும் சொத்தைக்கும் உள்ள வேறுபாட்டைப் பல் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்திருந்தால், பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சிறு வயதிலேயே எனாமல் பாதிக்கப்படுகிறது. அந்தப் பல் வெளியே வரும்போதே சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைக் கோடுகளோடு வரும். சிலருக்குப் பிறகு பழுப்பேறும். பெரும்பாலும் இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே இருக்கும். சொத்தை அப்படி ஜோடி பார்த்து வருவதில்லை. கடைவாய்ப்பல்லின் குழிகளில், இரண்டு பற்களின் இடுக்கில், ஈறை ஒட்டிய ஓரத்தில் பிடிக்கும். இரண்டும் ஒரே வாயில் இருக்கவும் கூடும், இதுதான் நம்மை ஏமாற்றுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்துவிட்டது. இன்னும் எல்லாப் பழியையும் தண்ணீர் மேலேயே போட்டுக்கொண்டிருக்க முடியாது.

இப்போது டம்ளர்கள். சத்துணவு சமைக்கும் அக்காவிடம் சொல்லி வைத்தால், முட்டை உரிக்கும்போது நல்ல ஓடுகளாக எடுத்து வைப்பார். ஒரு டம்ளரில் தண்ணீர், ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் கறுப்புக் குளிர்பானம். எல்லாவற்றிலும் ஓட்டைப் போட்டு மூடி வைத்தோம். எலுமிச்சைச் சாற்றில் உடனே குமிழி கிளம்பியது. மறுநாள் அந்த ஓடு விரல் பட்டாலே நொறுங்கும் அளவுக்கு மெலிந்திருந்தது. குளிர்பானத்தில் இருந்தது பழுப்பேறி, வழவழப்புப் போய்ச் சொரசொரப்பாகியிருந்தது. தண்ணீரில் இருந்ததற்கு ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரைத் தண்ணீரில் இருந்ததற்கும் ஒன்றும் ஆகவில்லை.

பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "அப்ப சர்க்கரை பல்லை ஒண்ணும் பண்ணாது, இல்ல டீச்சர்?"

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பாடமே அதிலிருந்துதான் தொடங்கியது. டம்ளரில் இல்லாத எது வாயில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். எச்சில், நாக்கு என்று பல பதில்கள் வந்தன. கடைசியில் ஒரு பெண், "கிருமி" என்றாள். பல்லின் மேல் படியும் மாவு போன்ற படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் குடிக்கும் சர்க்கரையைத் தின்று அவை அமிலத்தை வெளியிடுகின்றன. ஆக, குளிர்பானம் பல்லை இரண்டு வழியில் தாக்குகிறது. தன்னிடம் உள்ள அமிலத்தால் நேரடியாக ஒரு முறை. சர்க்கரையைக் கிருமிக்குக் கொடுத்து, அது தயாரிக்கும் அமிலத்தால் இன்னொரு முறை. சர்க்கரை இல்லாத சோடா பானம் என்று விற்பதில் இரண்டாவது வழி இல்லையே தவிர, முதல் வழி அப்படியே இருக்கிறது.

இன்னொருவன், "முட்டை ஓடும் பல்லும் ஒண்ணா டீச்சர்?" என்றான். ஒன்றில்லை. ஓடு கால்சியம் கார்பனேட், எனாமல் கால்சியம் பாஸ்பேட் வகை. எனாமல் மிகவும் கடினமானது, ஒரே நாளில் கரைந்துவிடாது. ஆனால் வாயில் பிஎச் மதிப்பு ஏறத்தாழ 5.5க்குக் கீழே போனால் எனாமலின் தாது கரையத் தொடங்குகிறது. கோலா பானங்களின் பிஎச் சுமார் 2.5. எட்டாம் வகுப்பில் அமிலம், காரம் நடத்துகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிப் போட்டால் போதும்.

கரைந்ததை ஈடுகட்ட எச்சில் வேலை செய்கிறது. அமிலத்தை மட்டுப்படுத்தி, தாதுக்களைப் பல்லுக்குத் திருப்பித் தருகிறது. அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் தேவை. நம் பிள்ளைகள் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. காலையில் பத்து ரூபாய் பாட்டில் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். பாடவேளைக்கு ஒரு மடக்கு. ஒரே மூச்சில் குடித்திருந்தால் ஒரு தாக்குதலோடு முடிந்திருக்கும். எட்டு மடக்காகக் குடிப்பதால் காலை முதல் மாலை வரை பல் அமிலத்திலேயே ஊறுகிறது. எவ்வளவு குடிக்கிறான் என்பதைவிட எத்தனை தடவை குடிக்கிறான் என்பது பல்லுக்கு முக்கியம். (நம் ஓய்வறையில் நாளுக்கு நான்கு முறை சர்க்கரைத் தேநீர் குடிக்கும் நமக்கும் இது பொருந்தும். நான் சர்க்கரையை விட்டு ஓராண்டாகிறது. முதல் பத்து நாள்தான் சிரமம்.)

அளவும் ஒன்றும் சின்னதில்லை. காலி பாட்டிலின் லேபிளைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துப் போங்கள். 100 மில்லிக்குச் சுமார் 11 கிராம் சர்க்கரை என்றால் 250 மில்லிக்கு 27 கிராமுக்கு மேல் வருகிறது. 5 கிராம் ஒரு தேக்கரண்டி என்று வைத்து, அத்தனை கரண்டியையும் ஒரு டம்ளரில் போட்டுக் காட்டச் சொன்னேன். ஐந்தரைக் கரண்டி. வகுப்பு அமைதியாகிவிட்டது. தனியாகச் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் மொத்தத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. 1600 கிலோகலோரி உண்ணும் பிள்ளைக்கு அந்த 5 விழுக்காடு என்பது 20 கிராம். பாட்டிலில் பாதி தாண்டுவதற்குள்... இல்லை, முக்கால் பங்கில் அது முடிந்துவிடுகிறது. இந்தக் கணக்கில் நானே முதலில் தடுமாறினேன், பிள்ளைகள்தான் திருத்தினார்கள்.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் சர்க்கரை, கொழுப்பு, உப்பு மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் சொல்கின்றன. எங்கள் வாசலில் கடை வைத்திருப்பவர் எங்கள் நான்காம் வகுப்பு மாணவனின் பாட்டி. விதியைச் சொல்லி மிரட்ட எனக்கு மனம் வரவில்லை. "நான் விக்கலைன்னா மெயின்ரோட்டுக் கடையில வாங்கப் போவுதுங்க டீச்சர். அங்க லாரி வேற வரும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. இப்போது வேகவைத்த கடலையும் நீர்மோரும் வைத்திருக்கிறார். பாட்டில்களும் இருக்கின்றன, ஆனால் பள்ளி விடும் வரை வெளியே எடுப்பதில்லை. இந்த அளவில்தான் இருக்கிறது எங்கள் வெற்றி.

வகுப்பில் செய்வது இவ்வளவுதான். பையில் தண்ணீர் பாட்டில் மட்டும். இனிப்பு பானம் குடித்தே தீருவேன் என்றால் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவையில் குடித்துவிட்டு, தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். குடித்தவுடன் பல் துலக்கக் கூடாது. அமிலத்தில் இளகியிருக்கும் எனாமல் தேய்ந்துவிடும், அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். வீட்டில் போடும் எலுமிச்சைச் சர்பத்துக்கும் இதே விதிதான், இயற்கை என்பதால் பல் விட்டுவிடாது. இரவில் எச்சில் சுரப்பது குறைவு என்பதால் படுக்கும் முன் துலக்குவது கட்டாயம். சிறு பிள்ளைகளுக்குப் பட்டாணி அளவு பற்பசை போதும், விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரையே இன்னும் குடிக்கும் ஊர்களில், எந்தப் பற்பசை என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் இரண்டு வகுப்பு எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆறு வயதையொட்டி, பால் பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். பல் விழாததால் அது புதிய பல் என்றே வீட்டில் தெரிவதில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு கைவிளக்கை வைத்துக்கொண்டு, அவரவர் பிள்ளையின் வாயில் அந்தப் பல்லை அம்மாக்களுக்குக் காட்டுங்கள். அதில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் பெயரைக் குறித்து வைத்து, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் கொடுங்கள். குழு வர நாளாகும் என்றால் நேரே அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். தொடக்கத்தில் அடைத்துவிட முடியும்.

டம்ளர்கள் மேசையில் இருக்கின்றன, தொட்டுப் பாருங்கள். உங்கள் பள்ளியில் செய்வதானால் திங்கட்கிழமை வையுங்கள். நான் முதல் தடவை வெள்ளிக்கிழமை வைத்துவிட்டு, திங்களன்று வந்து கதவைத் திறந்தபோது வகுப்பறைக்குள் நுழைய முடியவில்லை.