வீட்டுப் படிப்பில் கடைக்குட்டி

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கரையோர வீடுகளின் விறாந்தைகளில் அந்திப்பொழுதில் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. தந்தை ஒருபுறம் அமர்ந்து வலையைப் பொத்திக்கொண்டிருப்பார். மூத்தவன் கணக்குக் கொப்பியை விரித்துவைத்திருப்பான். அடுத்தவள் தமிழ்ப் பாடத்தை உரக்கப் படிப்பாள். அவர்களிடையே நாலு வயதுக் கடைக்குட்டி புகுந்து பென்சிலைப் பறிக்கும், கொப்பியிற் கிறுக்கும், "எனக்கும் பாடம் வேண்டும்" என்று அடம்பிடிக்கும். "அண்ணாவைக் குழப்பாதே" என்று தாய் அதட்டுவாள். குழந்தை அழும், மூத்தவர் படிப்புங் கெடும்.

2020ஆம் ஆண்டிலே இந்தத் தொல்லை நாள் முழுவதற்கும் நீண்டது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதிவரை அவை திறப்பதும் மூடுவதுமாயிருந்தன. மூத்த பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் பாடங் கொண்டுவந்தன. முன்பள்ளிக்குச் செல்லவேண்டிய குழந்தையையோ அக்கருவிகளின் முன் அமர்த்திவைத்தல் எளிதன்று. அந்நாள்களில் எழுந்த வினா இன்றும் பொருந்துவதே: வீட்டிலே மூத்தவர் படிக்கும்போது இளையதை என் செய்வது?

வெவ்வேறு வயதினர் ஒருங்கிருந்து கற்றல் தமிழர்க்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இளையோர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். சட்டாம்பிள்ளை அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற அண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் இம்மணலெழுத்தைக் கண்டு வியந்தார். தம் பள்ளியின் கீழ்வகுப்பு ஆசிரியர் இது நடவாது என்று கூறவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே இளையோர்க்கு ஆசிரியனாக்கினார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வாயிலாக அது 'சென்னை முறை' என்னும் பெயருடன் இங்கிலாந்திற் பரவலாயிற்று.

ஆயினும் பிற்காலத்தில் அம்முறை அங்கே கைவிடப்பட்டது. கற்பிக்கும் சிறுவன் தான் கற்கவேண்டிய நேரத்தை இழக்கின்றான் என்பது அதன்மேல் எழுந்த குறைகளுள் ஒன்று. நம் வீடுகளில் இக்குறை பெரும்பாலும் அக்காமார் தலையிலேயே விழுகின்றது. தம்பியை இடுப்பிற் சுமந்தபடி பாடத்தைத் தவறவிடும் சிறுமியை, "கெட்டிக்காரி, தாயைப் போலப் பார்த்துக்கொள்வாள்" என்று புகழ்கின்றோம். அப்புகழுக்கு அவள் கொடுக்கும் விலையை எண்ணுவதில்லை.

ஆகவே கடைக்குட்டிக்கு இடங் கொடுத்தலும் அக்காவுக்கு நேரங் கொடுத்தலும் ஒருங்கே நிகழவேண்டும். முதலிற் பெரியவர் ஒருவர் கால்மணி நேரத்தைக் குழந்தைக்கே ஒதுக்குதல் நன்று. தன் முறை வந்துபோயிற்று என்று கண்ட குழந்தை பின்னர் ஓரளவு தானே விளையாடும். அதற்கெனத் தனிப் பாயும் ஒரு பெட்டியும் இருத்தல் வேண்டும். பெட்டியில் விலையுயர்ந்த பொருள்கள் வேண்டியதில்லை. தட்டிலே பரப்பிய கடல்மணல், பெரிதும் சிறிதுமாய்ப் பிரித்தடுக்கச் சிப்பிகள், அளந்து கொட்டச் சிரட்டைகள், முடிச்சிட்டுப் பழகக் கயிற்றுத்துண்டு ஆகியன போதும். வலை பொத்தும் தந்தையும் மிதவைகளை எண்ணச் சொல்லலாம். கோட்டைப் பக்கம் போகையில் அங்கு உலாவும் மான்களை எண்ணுவதும் கணக்கே.

அக்கா உரக்கப் படிக்கும் கதையைக் கடைக்குட்டி அருகிருந்து கேட்கட்டும். அவளுக்கு அது வாசிப்புப் பயிற்சி. குழந்தைக்கு அது மொழிச் செல்வம். அவள் பொறுப்பு அவ்வளவோடு முடியவேண்டும். 1907இல் உரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மொண்டிசோரி அம்மையார் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலும் வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒரே கூடத்திற் பயின்றனர். இளையோர் மூத்தோரைப் பார்த்தே கற்றனர். ஆனால் அவரைப் பேணும் பொறுப்புப் பெரியவரிடமே இருந்தது.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது, பெரியவர் குழந்தையின் விரலைப் பற்றி அரிசியில் எழுத்தெழுதுவிப்பார். மறுநாளே ஏட்டைப் படித்து ஒப்புவி என்று எவரும் கேட்பதில்லை. இலங்கையில் 5 வயது நிறைந்த பின்னரே பிள்ளை முதலாம் ஆண்டிற் சேர்கின்றது. அதற்குமுன் பென்சிலைத் திணித்து வரிவரியாய் எழுதச் சொல்வது, மலரத் தொடங்கும் மொட்டைக் கையால் விரிப்பதற்கு ஒப்பாகும்.

"எனக்கும் பாடம் வேண்டும்" என்று குழந்தை கேட்பது கொப்பியை அன்று, கூட்டத்தில் ஓரிடத்தையே. பாயை விரித்து அவ்விடத்தைக் கொடுத்தால் விறாந்தையில் அழுகை குறையும். அக்காவும் தன் பாடத்தை முடித்தெழுவாள்.