சூரியப் பண்ணை வருகிறது. தோட்ட மக்களுக்கு என்ன வரும்?



ஒரு தோட்டத்தில் சூரியப் பண்ணை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினால் போதும், இரண்டு விதமான குரல்கள் கேட்கும். "வேலை கிடைக்கும், மின்சாரக் கட்டணம் குறையும், ஊர் முன்னேறும்" என்று சிலர் சொல்வார்கள். "இருக்கிற வீட்டையும் காலி செய்யச் சொல்லப் போகிறார்கள்" என்று மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு, மிகையும் உண்டு. அதைப் பிரித்துப் பார்த்தால்தான், திட்டம் வரும்போது அந்த மக்கள் எதைக் கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

முதலில் நாட்டு நிலவரம். பெரிய அளவிலான சூரிய மின் திட்டங்களுக்கு எரிசக்தி ஆணையம் 2016 முதல் ஏல முறையில் வாய்ப்பு வழங்கி வருகிறது. நீலாய்க்கு அருகே பாஜாமில், மூடப்பட்ட குப்பைமேட்டின் மீது 8 மெகாவாட் பண்ணை ஒன்று அதற்கு முன்பே, 2012-இல் எழுந்துவிட்டது. கிள்ளானுக்குத் தெற்கே, கோல லங்காட் மாவட்டம் தஞ்சோங் டுவா பெலாஸ் பகுதியில் தெனாகா நேஷனல் அமைத்த 50 மெகாவாட் பண்ணை 2018 நவம்பரில் இயங்கத் தொடங்கியது. 2024-இல் அறிவிக்கப்பட்ட ஐந்தாம் சுற்று மட்டும் 2,000 மெகாவாட். 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக இருக்க வேண்டும் என்பது 2023-இல் அரசாங்கம் வெளியிட்ட திட்டத்தின் இலக்கு.

ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 4 அல்லது 5 ஏக்கர் நிலம் தேவை. அந்த நிலம் பிரிக்பீல்ட்ஸிலோ ஷா ஆலமிலோ கிடைக்காது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓரங்களில் இருக்கும் தோட்டப்புறங்களில்தான் கிடைக்கும். செம்பனைத் தோட்ட நிறுவனங்கள் சில, விளைச்சல் குறைந்த நிலத்தைச் சூரிய மின்சாரத்துக்கு ஒதுக்கும் எண்ணத்தை ஏற்கெனவே வெளியிட்டுள்ளன. ஆகவே இந்தக் கேள்வி தோட்டத்து மக்களின் வாசலுக்கே வந்து நிற்கிறது.

மின்சாரம் எங்கே போகிறது?

நம் நாட்டு வெயிலில் ஒரு மெகாவாட் பண்ணை ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் யூனிட் மின்சாரம் தரும். மாதம் 300 யூனிட் பயன்படுத்தும் குடும்பங்கள் என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 360 குடும்பங்களின் தேவை அது. 50 மெகாவாட் என்றால் 18,000 குடும்பங்கள். நிலக்கரியையும் எரிவாயுவையும் நம்பியிருக்கும் நாட்டுக்கு இது நல்ல செய்திதான்.

ஆனால் அந்த மின்சாரம் பக்கத்து லயத்துக்கு நேராகப் போவதில்லை. ஒப்பந்தப்படி மின் விநியோகக் கட்டமைப்புக்குப் போகிறது. பண்ணையின் வேலியை ஒட்டி வீடு இருந்தாலும், அந்த வீட்டுக்காரர் கட்டும் பில் மற்றவர்கள் கட்டும் பில்தான். "பண்ணை வந்தால் கரண்ட் மலிவு" என்று யாராவது சொன்னால், அது எந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

வேலை எத்தனை பேருக்கு?

கட்டுமானக் காலத்தில் வேலை நிறையவே இருக்கும். தூண் நடுவதும் தகடு பூட்டுவதும் கேபிள் புதைப்பதும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை தரும். பண்ணை இயங்கத் தொடங்கிய பிறகு, காவலாளிகள், சில தொழில்நுட்பர்கள், புல் வெட்டுபவர்கள் என்று ஒரு சிறு குழு போதும்.

தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் பண்ணை திறக்கப்பட்டது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள். அந்த வறண்ட பூமியில் தகட்டின் மீது படியும் புழுதியைத் துடைப்பது பெரும் வேலை. அந்த வேலையைச் செய்ய இயந்திரங்கள் வந்துவிட்டன. இங்கே மழையே தகடுகளைக் கழுவிவிடுகிறது. ஆனால் அதே மழையில் புல் மளமளவென்று வளர்கிறது. புல் வெட்டும் குத்தகையையும் ஆடு மேய்க்கும் உரிமையையும் உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கும்படி கேட்கலாம். இரண்டு மூன்று இளைஞர்களைத் தொழில்நுட்பப் பயிற்சிக்கு அனுப்பும்படியும் கேட்கலாம். ஆனால் ஊர் முழுவதற்கும் வேலை கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நிலம் இல்லாதவர்களின் கதி

கர்நாடக மாநிலத்துப் பாவகடாவில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அங்கே சுமார் 13,000 ஏக்கரில், 2,050 மெகாவாட் திறனுள்ள பூங்கா 2019-இல் நிறைவு பெற்றது. விவசாயிகளின் நிலத்தை விலைக்கு வாங்காமல், ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் குத்தகை பேசினார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வும் உண்டு. மழை பொய்த்த பூமியில் அது நிலையான வருமானம். நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கிறது.

ஆனால் அந்த நிலங்களில் கூலி வேலை செய்து வந்தவர்களுக்குக் குத்தகைப் பணம் இல்லை. சாகுபடி நின்றதும் அவர்களுடைய கூலியும் நின்றது. பலர் வேலை தேடி வெளியூர் போனார்கள்.

நம் தோட்டத்து மக்கள் இந்த இருவரில் யாரைப் போன்றவர்கள்? மூன்று தலைமுறையாகப் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் வாழ்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் நிலப்பட்டா கிடையாது. வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும். வீடமைப்புத் திட்டங்களுக்காகத் தோட்டங்கள் கைமாறியபோது சிலாங்கூர் தமிழர்கள் இதைப் பட்டு அறிந்தார்கள். அதனால், "இருக்கிற வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள்" என்ற பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

பத்து வெள்ளியில் ஒரு வழி

1950-களில் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்குதாரராகும்படி தொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டார். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தானது. பிரிக்பீல்ட்ஸ் தலைமைச் சாலைக்கு இன்று அவர் பெயர்தான்.

தொழிலாளி உரிமையாளராகவும் முடியும் என்பதை அந்தச் சங்கம் காட்டியது. சூரியப் பண்ணையிலும் அந்த வழி உண்டு. டென்மார்க்கில் 2009-இல் நடப்புக்கு வந்த சட்டம், புதிய காற்றாலைகளின் பங்குகளில் குறைந்தது 20 விழுக்காட்டை உள்ளூர் மக்களுக்கு விற்க முன்வர வேண்டும் என்றது. அந்த ஏற்பாடு 2020-இல் வேறு முறைக்கு மாற்றப்பட்டாலும், பக்கத்தில் வாழ்பவருக்குப் பங்கு உண்டு என்பதைச் சட்டமாகவே எழுத முடியும் என்பதற்கு அது சான்று.

பங்கு வாங்க வசதியில்லாத இடத்தில் ஒரு சமூக நிதியாவது கேட்கலாம். விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அரை சென் ஒதுக்கினால், 30 மெகாவாட் பண்ணையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 195,000 வெள்ளி சேரும். ஒரு தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்புக்கும் பிள்ளைகளின் தொழிற்பயிற்சிக்கும் அது பெரிய தொகை.

எப்போது கேட்க வேண்டும்?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 2021-இல் முடிவு வெளியான நான்காம் சுற்றில் மிகக் குறைந்த ஏல விலை யூனிட்டுக்கு 14 சென்னுக்கும் சற்றுக் குறைவு. அந்த விலை 25 ஆண்டுகளுக்கானது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அரை சென் கேட்டால், "லாபமே அவ்வளவுதான்" என்று நிறுவனம் கையை விரிக்கும். அது சொல்வதிலும் நியாயம் இருக்கும். ஏலத்துக்கு முன்பே எல்லாருக்கும் பொதுவான நிபந்தனையாக விதித்துவிட்டால், போட்டியாளர்கள் அனைவரும் அதைச் சேர்த்தே விலை சொல்வார்கள், யாருக்கும் நட்டமில்லை.

அரை சென்னோடு வேறு சில நிபந்தனைகளும் எழுத்தில் வர வேண்டும். முதலாவது, குடியிருப்பவர்களுக்குச் சொந்தப் பெயரில் வீடு கிடைக்கும்வரை ஒரு லயமும் உடைக்கப்படக்கூடாது. இரண்டாவது, கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு ஆகியவற்றின் நிலம் தனியே அளந்து ஒதுக்கப்பட வேண்டும். மூன்றாவது, மரங்கள் போன பிறகு மழைநீர் எங்கே ஓடும் என்பதற்கு வடிகால் திட்டம் வேண்டும். நான்காவது, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் தகடுகளை அகற்றும் செலவு யாருடையது என்பது இப்போதே முடிவாக வேண்டும்.

இவற்றைக் கேட்பவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள் அல்லர். கிள்ளான், பந்திங், செப்பாங் வட்டாரத் தோட்டங்களில் கோயில் நிர்வாகமும் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து, குடும்பங்களின் பட்டியலையும் கோரிக்கைகளையும் எழுதி, சட்டமன்ற உறுப்பினரிடமும் மாவட்ட நில அலுவலகத்திடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைக்க வேண்டும். அளவையாளர் வந்து கல் நட்ட பிறகு கூட்டம் போடுவதில் பயன் குறைவு. பேச்சு கிளம்பிய வாரமே கூட்டம் போடுங்கள்.