என் பேரு விழல



ஓர் அட்டை கொண்டு வந்திருக்கிறேன். 30 கட்டம். மாதம் 1,000 ரூபாய். 22 கட்டத்தில் கையெழுத்து இருக்கிறது. மீதி எட்டும் காலி. எங்கள் தெருவில் ஓவர்லாக் தைக்கிற ஓர் அக்காவின் அட்டை இது. மாதாமாதம் குலுக்கல். பேர் விழுந்தவருக்கு 30,000 ரூபாய்ப் பரிசு, அப்புறம் தவணை கட்ட வேண்டாம். விழாதவருக்குக் கடைசி மாதம் கட்டிய பணம் முழுசும் திரும்பும். ஆள் சேர்த்துவிட்டால் தலைக்கு 500 ரூபாய் கமிஷன். நடத்திய கம்பெனிக்காரர்கள் ஆபீஸைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். என்னக்கா ஆச்சு என்று கேட்டேன். "என்ற பேரு விழல கண்ணு" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. கையை விட்டுப் போனது 22,000 ரூபாய். ஏமாத்திட்டாங்க என்று அவர் வாயில் வரவில்லை. தன் ராசியைத்தான் நொந்துகொள்கிறார். குலுக்கல் வைப்பது இதற்காகத்தான். திருடு போனால் போலீசுக்குப் போவோம். பேர் விழாததற்கு யார் மேல் புகார் கொடுப்பது?

கணக்கைப் பார்ப்போம். 1,000 பேர் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். 30 மாதம், 30 பரிசு; பரிசுக்கு மட்டும் 9 லட்சம். விழாத 970 பேருக்கும் அவரவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கம்பெனி கையில் நிற்பது பரிசு வாங்கிய 30 பேர் கட்டிய தவணை மட்டும்தான். முதல் மாதம் விழுந்தவர் 1,000 கட்டியிருப்பார், கடைசி மாதம் விழுந்தவர் 30,000. எல்லாம் கூட்டினால் 4 லட்சத்து 65 ஆயிரம். 9 லட்சத்துக்கு அதுவே பாதிதான் வருகிறது. இதற்கு மேல் கமிஷன் 5 லட்சம், ஆபீஸ் வாடகை, மண்டப வாடகை, பிளக்ஸ். சொன்னபடி கொடுக்க முடியாது என்பது முதல் அட்டை அச்சாகும்போதே நடத்துகிறவருக்குத் தெரியும். நடுவில் தவணை தவறுகிறவரின் பணம், புதிதாய்ச் சேருகிறவரின் பணம், இவற்றை நம்பித்தான் வண்டி ஓடுகிறது.

சரி, புதிது புதிதாய் ஆள் சேர்ந்துகொண்டே இருந்தால்? ஒருவர் ஆறு பேரைச் சேர்க்கிறார். அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேர். இப்படியே பத்தாவது படி வந்தால் மொத்தம் 7 கோடியே 25 லட்சத்தைத் தாண்டுகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். தொட்டிலில் கிடக்கிற குழந்தையையும் சேர்த்தால்கூடப் பதினோராவது படிக்கு இந்த மாநிலத்தில் ஆள் கிடையாது.

குலுக்கலும் ஆள்பிடிப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது சட்டம் செய்தவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் ராஜ் குழு, இப்படிக் குலுக்கல் வைக்கும் பரிசுச் சீட்டைத் தடை செய்யச் சொன்னது; 1978இல் பரிசுச் சீட்டையும், ஆள் சேர்த்து ஓடும் பணச்சுழற்சித் திட்டத்தையும் ஒரே சட்டத்தில் வைத்துத் தடை செய்தார்கள். பதிவு பெற்ற ஏலச்சீட்டு வேறு. அதற்கு 1982ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை சீட்டு வந்தே தீரும். லாட்டரியையோ தமிழ்நாடு 2003இலேயே நிறுத்திவிட்டது.

அப்படியானால் இவர்கள் எப்படித் தைரியமாக மண்டபம் பிடித்துக் கூட்டம் போடுகிறார்கள்? சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களைப் பாருங்கள். கம்பெனிப் பதிவுச் சான்று, ஜிஎஸ்டி எண், ஐஎஸ்ஓ. இந்த மூன்றில் எதுவும் பொதுமக்களிடம் பணம் வசூலிக்க அனுமதி ஆகாது. இட்லிக் கடைக்காரரும் ஜிஎஸ்டி எண் வாங்கலாம்.

அந்தக் கூட்டங்களின் மேடையில் மாலை வாங்குகிற தலைவரைப் பற்றி விசாரியுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் இயக்குநர்கள் யார் என்று பார்க்கலாம். அவர் பேர் அங்கே இருக்கிறதா? கம்பெனி என்றைக்குப் பதிவானது? அதே ஆள் இதற்கு முன் வேறு பேரில் நடத்திய கம்பெனி என்ன ஆனது? குலுக்கலில் சீட்டை எடுத்தது யார் கை? ஜெயித்தவர் என்று போட்டோ போடுகிறார்களே, அவர் ஊர் எது, நேரில் போய்ப் பார்க்க முடியுமா? இதைக் கேட்டதும் "நெகட்டிவா பேசாதீங்க" என்று உங்களை உட்கார வைக்கப் பார்த்தால், நீங்கள் தேடி வந்த பதில் அதுதான்.

நம் திருப்பூருக்கு இது புதிதல்ல. பணம் வசூலித்து ஏமாற்றிய பாசி நிறுவனத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2009இல் வெடித்த வழக்கு. முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்ட வழக்குகளை விசாரிக்கும் கோவை டான்பிட் நீதிமன்றம் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறை கொடுத்தது 2022இல். பதின்மூன்று வருஷம்! இதற்குள் எத்தனை பிள்ளைகளின் படிப்பு நின்றிருக்கும், எத்தனை கல்யாணம் தள்ளிப் போயிருக்கும். ஆகவேதான் சொல்கிறேன், புகார் முதல் மாதமே போக வேண்டும். 1997ஆம் ஆண்டின் டான்பிட் சட்டத்தில் சொத்தை முடக்கி, விற்று, பணம் கட்டியவருக்குப் பகிர்ந்து கொடுக்க வழி உண்டு. ஆனால் முடக்குவதற்குச் சொத்து மிச்சம் இருக்க வேண்டும். நாம் வாயைத் திறக்காத ஒவ்வொரு மாதமும் அது கை மாறுகிறது.

அக்கா ஏன் இவ்வளவு நாள் பேசவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தன் நாத்தனாரையும், பக்கத்து மெஷினில் தைக்கிற பெண்ணையும் அவரே சேர்த்துவிட்டிருக்கிறார். "நான் போயி எப்படிக் கண்ணு புகார் குடுக்கறது, அவளுக மூஞ்சில எப்படி முழிக்கறது?" என்று அழுதார். தலைவர்கள் நம்பியிருப்பது இந்தக் கூச்சத்தைத்தான். என்னைப் பிடித்தால் நீயும் உள்ளே போவாய் என்று மிரட்டவும் செய்கிறார்கள். ஆள் சேர்த்திருந்தால் அதை மறைக்காதீர்கள். வாங்கிய கமிஷனையும் மனுவிலேயே எழுதுங்கள். யார் சொல்லி நீங்கள் சேர்ந்தீர்கள், அவருக்கு மேலே யார் என்று எழுதினால் போலீஸ் படியேறிப் போய் உச்சியில் இருப்பவரைத் தொட முடியும்.

போன வாரம் நாத்தனாரும் அக்காவும் ஒரே ஸ்கூட்டியில் போய்ப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் மனு கொடுத்துவிட்டு வந்தார்கள். இரண்டு பேரும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். பின் வரிசை மேசையில் வழக்கறிஞர்கள் இருவர் காகிதம் பேனாவோடு காத்திருக்கிறார்கள். அட்டை இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். தொலைத்தவர்களும் வாருங்கள், கட்டிய தேதிகளை உட்கார்ந்து யோசித்து எழுதிக்கொள்வோம். மண்டபம் பத்து மணி வரைக்கும் நமக்குத்தான்.