தூதரின் நட்பும் தொழிலாளியின் நட்பும்

(ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



நம் வட்டாரத்தில் இன்று கொரியா என்ற பெயரைக் கேளாத குடும்பம் கிடையாது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், அவற்றுக்குச் சாமான் செய்து கொடுக்கும் சிறு கம்பெனிகள் ஒரகடம் வரையில். கழனி வேலைக்குப் போன தகப்பனின் பிள்ளை இன்று கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிறான். கொரிய எழுத்தில் போர்டு போட்ட சாப்பாட்டுக் கடையும் வந்துவிட்டது.

இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் நட்பு என்று மந்திரிகள் பேசுகிறார்கள். நல்லது, நட்பு வேண்டியதுதான். ஆனால் அது யாருக்கும் யாருக்கும் உள்ள நட்பு? இதுதான் இன்று நம் கேள்வி. ஒரு தூதரின் அனுபவத்தை வைத்து இதைப் பார்ப்போம்.

அவர் பெயர் கே. பி. எஸ். மேனன். 1898ல் கோட்டயத்தில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து ஐ.சி.எஸ். உத்தியோகத்துக்குப் போனவர். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கையில் இந்திய சர்க்காரின் ஏஜெண்டாக இருந்தார். தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் ஜனங்களின் குறைகளைக் கவனிக்கும் பதவி அது. பிறகு சீனாவில் தூதர். சுதந்திர இந்தியாவின் முதல் வெளிநாட்டு இலாகா செயலாளர். 1952 முதல் 1961 வரை மாஸ்கோவில் தூதர். அவர் கம்யூனிஸ்ட் அல்ல. ஆனால் தமக்குப் பாதகமான உண்மையைக்கூட ஒளிக்காமல் எழுதியவர். அதனால்தான் அவரைப் பற்றிப் பேசுகிறேன்.

கொரியாவை 1910 முதல் 35 ஆண்டுகள் ஜப்பானிய ஏகாதிபத்தியம் அடக்கி ஆண்டது. 1945ல் யுத்தம் முடிந்ததும் 38வது அட்சரேகையில் கோடு கிழித்தார்கள். வடக்கே சோவியத் படை. தெற்கே அமெரிக்கப் படை. தேர்தல் நடத்தி ஒரே சர்க்காரை அமைக்க ஐ.நா. சபை 1947 நவம்பரில் ஒரு கமிஷனை நியமித்தது. 1948 ஜனவரியில் கமிஷன் சியோல் நகரத்தில் கூடியது. அதன் தலைவர்தான் மேனன். இந்தக் கமிஷனைச் சோவியத் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. வடக்கே போக முடியவில்லை. தெற்கே மட்டும் தேர்தல் நடத்துவதா? நடத்தினால் நாடு இரண்டாகிவிடாதா? இதுதான் அன்று எழுந்த கேள்வி.

கொரியா ஒரே நாடு, அதைப் பிளக்கக் கூடாது என்றுதான் மேனன் முதலில் கருதினார். ஆனால் 1948 பிப்ரவரி 26ந் தேதி ஐ.நா.வின் இடைக்காலக் கமிட்டியில் தெற்கில் மட்டும் தேர்தல் என்ற தீர்மானம் வந்தபோது இந்தியா ஆதரித்து ஓட்டளித்தது. அமெரிக்காவின் நேச நாடுகளான கனடாவும் ஆஸ்திரேலியாவும்கூட எதிர்த்து ஓட்டளித்தன!

இந்த மாற்றம் ஏன் வந்தது? 1965ல் இங்கிலீஷில் வெளிவந்த தம் சுயசரிதையில் மேனனே இதைச் சொல்கிறார். சியோலில் மோ யூன் சுக் என்ற பெண் கவிஞரோடு அவருக்கு நட்பு ஏற்பட்டது. அந்த அம்மையார் தெற்கின் தலைவர் சிங்மன் ரீயின் ஆதரவாளர். தம் உத்தியோக வாழ்வில் புத்தியை இருதயம் வென்றது அந்த ஒரு முறைதான் என்று மேனன் ஒப்புக்கொள்கிறார்.

1948 மே 10ல் தெற்கில் தேர்தல். ஆகஸ்டில் தெற்கே ஒரு ராஜ்யம். செப்டம்பரில் வடக்கே ஒரு ராஜ்யம். 1950 ஜூனில் யுத்தம். மூன்று ஆண்டுகளில் லட்சோப லட்சம் மக்கள் மாண்டார்கள். 1953 ஜூலையில் போர் நிறுத்தம் வந்தது. சமாதான உடன்படிக்கை இன்றுவரை வரவில்லை.

ஒரு ஓட்டினால் கொரியா பிளந்தது என்று நான் சொல்லவில்லை. வல்லரசுகள் போட்ட கோடு அதற்கு முன்பே இருந்தது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். சேற்றில் இறங்கி நாற்று நட்ட கொரியக் குடியானவனிடம் உன் நாட்டை இரண்டாக்கலாமா என்று கேட்டவர் யார்? மாளிகையில் விருந்தோடு வளரும் நட்பு எத்தனை இனிமையானாலும் அது தேசங்களின் நட்பு ஆகிவிடாது.

அப்படியானால் தேசங்களின் நட்பு எப்படி இருக்கும்? அந்த யுத்தத்திலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. இந்தியா சண்டைக்குப் படை அனுப்பவில்லை, வைத்தியர்களை அனுப்பியது. லெப்டினென்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 60வது பாராசூட் மருத்துவப் படை 1950ல் போனது. காயம்பட்ட சிப்பாய்களுக்கு மட்டுமல்ல, கொரிய ஏழை ஜனங்களுக்கும் சிகிச்சை செய்தது. போர் நின்றபின், ஊர் திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட கைதிகளைக் காவல் காக்க இந்தியப் படை போனது. தென் கொரிய மண்ணில் இந்தியன் கால் வைக்கக் கூடாது என்றார் சிங்மன் ரீ. கப்பலில் வந்த நம் சிப்பாய்களை ஹெலிகாப்டரில் ஏற்றி எல்லைப் பகுதியில் இறக்க வேண்டியதாயிற்று! மேனனின் இருதயம் யாருக்காக இளகியதோ, அந்த மனிதர் காட்டிய நன்றி இது.

இன்னோர் உதாரணம். மேனன் மாஸ்கோவில் இருந்த காலத்தில்தான், 1955 பிப்ரவரியில், பிலாய் உருக்காலை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1959ல் அங்கே முதல் ஊது உலை எரிந்தது. நம் நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியால் எழுந்து 1962ல் மின்சாரம் கொடுத்தது. இதோ, சென்னை போகும் வழியில் நந்தம்பாக்கத்தில் அறுவைச் சிகிச்சைக் கருவித் தொழிற்சாலையும் அதே உதவியால் வந்ததுதான். சோவியத் யூனியன் 1991ல் மறைந்தது. ஆனால் அந்த நிபுணர்கள் கற்றுக்கொடுத்த தொழில் நம்மிடம் தங்கியது. பிலாயும் நெய்வேலியும் பொதுச் சொத்தாக எழுந்தன. நண்பன் போன பிறகும் நம் கையில் என்ன மிஞ்சுகிறது? நட்பை அளக்க இதுவே அளவுகோல்.

இந்த அளவுகோலை இன்றைக்கும் வைப்போம். இந்தியாவும் தென் கொரியாவும் 1973ல் தூதரக உறவு கொண்டன. 1996ல் ஹூண்டாய் இங்கே வந்தது. 1998ல் முதல் கார் வெளியே வந்தது. 2010ல் வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. வேலை கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் முதலாளி மூலதனத்தோடு வருகிறான். லாபம் குறைந்தால் போகவும் செய்வான். கூலி கேட்டால், சங்கம் வைத்தால், நட்பு கெட்டுவிடும் என்று நமக்குப் புத்தி சொல்கிறார்கள். இது உண்மையா?

கொரியத் தொழிலாளியைக் கேளுங்கள்! 1970 நவம்பர் 13ந் தேதி, சியோலில் சுன் டே இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி, தொழிலாளர் சட்டத்தை அமல் நடத்தக் கோரி, நாங்கள் இயந்திரங்கள் அல்ல என்று முழங்கித் தீக்குளித்தார். 1987ல் உல்சான் நகரத்து ஹூண்டாய் தொழிலாளர்கள் போராடிச் சங்கம் அமைத்தார்கள். 2024 ஜூலையில் கொரியாவில் சாம்சங் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 9ந் தேதி சுங்குவார்சத்திரத்தில் வேலை நிறுத்தம் தொடங்கி 37 நாள் நடந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு, இரண்டு தேசத்துத் தொழிலாளிகள்! அவர் மொழி நமக்குத் தெரியாது. நம் மொழி அவருக்குத் தெரியாது. கோரிக்கை மட்டும் இருவருக்கும் புரிந்தது. தோழர்களே, எந்தத் தூதரும் கையெழுத்திடாத நட்பு ஒப்பந்தம் இது!

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? சூபர்வைசர் மீது வரும் கோபத்தில் கொரிய ஜனங்களை ஏசாதீர்கள். இன வெறி முதலாளிக்குத்தான் லாபம். அந்த நாட்டுச் சங்கங்களின் சரித்திரத்தைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுங்கள். இன்னொன்று, இதுதான் முக்கியம். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து, நம் ஊரில் ஒரே அறையில் பலர் நெருக்கிப் படுத்து, ஒப்பந்தக் கூலியாக உழைக்கிறானே, அவனிடம் போய்ப் பெயரைக் கேளுங்கள். நம் சங்கக் கூட்டத்துக்கு அழையுங்கள். பக்கத்து அறைக்காரனோடு நட்புக் கொள்ளாதவன் கடல் தாண்டிய தேசத்தோடு எப்படி நட்புக் கொள்வான்?

தேசங்களின் நட்பு வாழ்க! தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!